எங்கட வான்

வெள்ளவத்தை
14.08.1997

அன்புள்ள நண்பர் சிவபாதசுந்தரம்,

செவ்வாய்க்கிழமை காலை உமது அக்காவைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். பொழுதுபட விட்டுவிட்டார்கள். கை வைக்கவில்லை, ஏசவும் இல்லை. இதை வாசித்து ஒருதரம் மூச்சு விட்டுக்கொண்டு மிச்சத்தை வாசியும்.

உமது வீட்டு முன்வளவில் ராசிக்கின் வான் நின்றது. புறக்கோட்டையில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் அவன். குடியிருப்பது எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டில். சோதனைக்கு வந்தவர்கள் வான் யாருடையது என்று சிங்களத்தில் கேட்க, அன்னபாக்கியம் அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "அபே" என்றிருக்கிறார். எங்களுடையதாம்! இலக்கத்தை விசாரித்தால் ராசிக்கின் பெயர். அவனோ சொந்தத்தில் ஒரு மௌத்து என்று செத்தவீட்டுக்குப் புத்தளம் போயிருந்தான். குண்டு வானோ என்று ஒழுங்கைச் சனம் முழுவதையும் வெளியே நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கொத்தமல்லிச் சாக்கு. பின்னேரம் ராசிக் ஓடி வந்து பத்திரங்களைக் காட்டிய பிறகுதான் அக்காவை விட்டார்கள்.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "எங்கட வளவில நிக்கிறதை வேற ஆற்றையெண்டு சொல்லுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கேற்றைப் பூட்டச் சொல்லி நீர் போனில் சொன்னீராம். பூட்டிவிட்டார். லண்டனில் இருந்துகொண்டு பூட்டுவது லேசு ஐசே. காலி வீதியில் வாகனம் நிறுத்த விடாததால் அவ்வளவும் ஒழுங்கைக்குள்தான் நிற்கின்றன. முன்வீட்டு டோரினின் புருஷன் ஹியூபேட்டுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அம்புலன்ஸால் ஒழுங்கை முடக்கில் திரும்பி உள்ளே வர முடியவில்லை. கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிரோடு போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான், உமது காரை விற்றபின் சும்மா கிடந்த வளவைத் திறக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். என் கடை லொறிக்கும் வழி வேண்டும், அதையும் மறைக்கவில்லை.

கேற்றுத் திறந்திருந்தபோது பின்னேரங்களில் வான்காரர் வருவார்கள், "அக்கா சுகமோ" என்பார்கள், அவர் பிளேன்ரீ கொடுப்பார். இப்போது உள்ளே லைற்றுக்கூடப் போடுவதில்லை. நேற்று நான் கூப்பிட்டதற்குக் கதவு திறக்க வெகுநேரம் எடுத்தது. வெளியே நிற்பது நான்தானோ என்று சந்தேகமாம். அவர் லண்டனுக்கு உம்மிடம் வரும் விசா அலுவல் என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வளவில் பிறத்தியார் வாகனம் நிற்க வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறது பொலிஸ். அதை உடனே எழுதி அனுப்பும். கையோடு அக்காவுக்கும் தனியாக நாலு வரி எழுதும். முருகன் உம்மையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும்.

உமது கடிதம் வந்து கேற்றை மறுபடி திறப்பது பற்றி ராசிக்கோடும் அக்காவோடும் இருந்து பேசித் தீர்த்தது இவ்வளவுதான். வாடகை இல்லை. நிற்கும் வாகனங்களின் பத்திரப் பிரதி அக்கா கையில் இருக்க வேண்டும். நேரம் கெட்ட நேரத்தில் யார் கேற்றைத் தட்டினாலும் ராசிக் வந்து நிற்காமல் அவர் திறக்கக் கூடாது. இனி யார் கேட்டாலும் "அபே" என்று சொல்லக் கூடாது.

கடைசிக்கு மட்டும் அக்கா சம்மதிக்கவில்லை. மற்றதெல்லாம் பேச்சு முற்று.

உமது நண்பன்,
க. சவுந்தரநாயகம்