ஜெயபாண்டி வீட்டு வாசலை மிதித்தேன்

விளாங்குடி, மதுரை
டிசம்பர் 27, சனிக்கிழமை

அன்பு மகள் கனகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாத்திரை போடுகிறேன், அந்த மட்டில் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன். பழக்கத்தில்தான் கேட்கிறேன், அவரும் பழக்கத்திலாவது காது கொடுப்பார். வாரம் இரண்டு தடவை வீடியோவில் பார்க்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த மனுஷன் தபால் போடுகிறார் என்று நினைப்பாய். உன் அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு நீ ஊருக்குக் கிளம்பும்போது சொன்னாயே, அந்த ஜெயபாண்டி வீட்டு வாசலை நீங்க மிதிச்சீங்கன்னா நான் நம்ம வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று. மிதித்துவிட்டேன் அம்மா. அதைச் சொல்லத்தான் இது. அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு ஏப்ரலில் வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

முதலில் வீட்டு விஷயம். உசிலம்பட்டியில் உன் சித்தப்பா காசிமாயன் சௌக்கியம், மழை பரவாயில்லையாம், பசு கன்று போட்டிருக்கிறதாம், பொங்கலுக்கு வா என்கிறான், போகிற எண்ணம் இல்லை. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் இந்த வருஷம் ஒரு காரியம் செய்தாள். உன் அம்மா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தெருவில் பதினாலு வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பாளே, துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கிறதில்லை என்று நான் சும்மா இருந்துவிட்டேன். பாண்டியம்மாள் அவள் வீட்டு அடுப்பிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு, பதினாலு வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போய், இது அன்னக்கொடி அக்கா குடுக்குறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முருகனுக்கு மாலை போடுகிற பொம்பளை. நம் சபையில் ஒருத்தருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் ஒரு தட்டு வந்தது. நான் அழுவேன் என்று நினைத்தாள் போல, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. முறுக்கில் உப்பு ஒரு கல் கூடத்தான், அதைச் சொல்லாமல் நன்றி சொல்லி அனுப்பினேன்.

எனக்கு இப்போது எதுவும் தோன்றுவதில்லை கனகா. இதை ஒளித்து என்ன ஆகப் போகிறது. அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது, கோயிலுக்குப் போகிறேன், பாட்டுப் பாடும்போது எழுந்து நிற்கிறேன், உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். திருவிருந்துக்கு மட்டும் போவதில்லை. பகையை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது என்று உனக்குச் சின்னதில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அதனால் மாதா மாதம் எல்லாரும் எழுந்து போகும்போது முழங்காலை ஒதுக்கி வழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்கிற ஆட்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எப்படிண்ணே இருக்கீங்க என்று கேட்கிறார்கள், அவர்களுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றபோது கூட இத்தனை பேருக்குப் பதில் சொன்னதில்லை.

அதனால்தான் அந்த வேஷத்தை நானே கேட்டு வாங்கினேன். வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல்ஸுக்கு வழக்கமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுகிற நம் பாண்டிராஜுக்கு பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. வேறு ஆள் இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கொண்டா நான் போடுறேன் என்றேன். துக்க வருஷமாச்சே அண்ணே, உங்க வீட்டுக்கே நாங்க டிரம் இல்லாமத்தான வரப் போறோம் என்று தயங்கினான். யாரிடமும் சொல்லாதே என்று வாங்கி மாட்டிக்கொண்டேன். பழைய பிளாஸ்டிக் முகமூடி, உள்ளே ரப்பர் நாற்றம், மூக்கு ஓட்டை வழியாகத்தான் மூச்சு. ஆனால் நிம்மதி. வெளியில் சிரிப்பு ஒட்டியிருக்கிறது, உள்ளே நான் எந்த மூஞ்சியும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாத்தா பேசக் கூடாது, பேசினால் ஆள் தெரிந்துவிடும். ஆட வேண்டும், கை குலுக்க வேண்டும், பையிலிருந்து மிட்டாய் கொடுக்க வேண்டும். ஆடினேன். உன் அப்பா ஆடினான் என்றால் நீ நம்ப மாட்டாய்.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினோம், மூன்றாவது வீடு ஜெயபாண்டியுடையது. சபையில் பேர் உள்ள எந்த வீட்டையும் கேரல்ஸ் தாண்டிப் போகக் கூடாது, அது தெரிந்துதான் வேஷம் போட்டேன், கேட்டுக்கு வெளியே நின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் பேத்திகள் இரண்டும் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டன. போர்ட்டிகோவில் அந்த வெள்ளைக் கார் நின்றது. உன் அம்மா போன அன்றைக்கு நான் ஓடிப் போய், அன்னக்கொடிக்கு நெஞ்சு வலி வண்டியை எடு என்று கேட்டபோது பேட்டரி போயிருச்சுண்ணே என்றானே, மறுநாளே அதே காரில் வந்து இறங்கினானே, அடக்க ஆராதனைக்கும் அதிலேயே வந்தானே, அந்தக் கார். நீயும்தான் பார்த்தாய். அதைச் சுற்றிக்கொண்டு போய் ஹாலில் ஆடினேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் வரவில்லை.

பாட்டு முடிந்து எல்லாரும் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். முகமூடியோடு காபி குடிக்க முடியாது, தொண்டை வறண்டு போயிற்று, கொல்லைப்புறம் குழாயடிக்குப் போனேன். பின்னாலேயே ஒரு செம்பில் தண்ணீரோடு ஜெயபாண்டி வந்தான். முகமூடியைத் தூக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, நீங்கதான்னு நடையிலயே தெரிஞ்சிருச்சு. அதக் கழட்டாதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வராது. அன்னைக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நான் மத்தியானமே குடிச்சிருந்தேன். சபைக் கமிட்டி ஆளு குடிச்சிருக்கான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்னு பயந்துதான் பேட்டரின்னு சொன்னேன். சாவியக் குடுத்து வேற யாரையாவது ஓட்டச் சொல்லியிருக்கலாம். அதுகூட எனக்குத் தோணல அண்ணே, அம்புட்டுதான்.” இவ்வளவும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான், சட்டை தொளதொள என்று கிடந்தது. மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே தேடிப் பார்த்தேன், இரண்டுமே இல்லை. பழக்க தோஷத்தில் கை பைக்குள் போய் ஒரு மிட்டாயை எடுத்து அவனிடம் நீட்டியது. அறுபது வயது ஆள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் தண்ணீர் குடிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஐந்து மணி ஆராதனை. கோயில் நிறைந்து வாசல் வரை நாற்காலி. திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஜெயபாண்டியின் வரிசையில் அவன் மனைவி, மகன், மருமகள் எல்லாரும் எழுந்து போனார்கள், அவன் முழங்காலை ஒதுக்கி வழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று, எந்திரி ஜெயபாண்டி என்றேன். எழவில்லை. கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினேன், பஸ்ஸில் வயசானவர்களைத் தூக்கி ஏற்றிய கைதானே. இரண்டு பேரும் போய்ப் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அவன் அழுதான். எனக்கு ஒன்றுமில்லை. அப்பம் அப்பமாகத்தான் இருந்தது, திராட்சை ரசம் கொஞ்சம் புளித்திருந்தது. நீ கேட்பாய், மனசில் இல்லாததை எதற்குச் செய்தீங்க என்று. மனசு வருகிறவரை காத்திருந்தால் நான் செத்துப் போவேன் கனகா, அதனால் கையையும் காலையும் வைத்துச் செய்துவிட்டேன். ஆண்டவர் சொன்னது செய்யத்தானே, மனசு அப்புறம் வந்தால் வரட்டும்.

வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றும்போதுதான் உறைத்தது. அவன் தன்னுடையதைச் சொல்லிவிட்டான், நான் என்னுடையதைச் சொல்லவில்லை. அன்றைக்கும் நேற்றைக்கும் உன்னை வீடியோவில் கூப்பிட்டேன், உன் முகம் வந்ததும் பேரன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். உன் அம்மா போன அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே அவள் இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சு கனமா இருக்குங்க என்றாள். ராத்திரி மொச்சை சாப்பிட்டாய், வாயுதான் என்று சொல்லி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பத்து மணிக்கு இடது தோள் கடுக்கிறது என்றாள், தைலம் தேய்த்துவிட்டேன். கனகாகிட்ட ஒரு வார்த்தை கேட்போமா என்று நானும் கேட்டேன். பிள்ளை இப்ப நைட் டூட்டியில இருக்கும், அப்புறம் வந்து அசந்து தூங்கும், இதுக்குப் போயி எழுப்பாதீங்க என்றாள். எனக்கும் அது தோதாகப் போய்விட்டது. மத்தியானம் நான் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். மூன்று மணிக்கு அவள்தான் என் காலைத் தட்டி எழுப்பினாள், சேலையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. அப்போதுதான் எழுந்து ஓடினேன். ஜெயபாண்டியிடம் கெஞ்சி, பிறகு ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆரப்பாளையம் வரும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. அவனால் போனது கால் மணி நேரம். என்னால் போனது காலை எட்டிலிருந்து மூன்று வரை.

நீ இருதய வார்டில் வேலை பார்க்கிறவள். தூக்கத்தில் எழுப்பியிருந்தாலும் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாய். இது தெரிந்தும், நீ போனில் அவனைத் திட்டும்போதெல்லாம் நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். எல்லாப் பழியும் அவன் தலையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏப்ரலில் நீ வராமல் இருந்தாலும் இரு. ஆனால் அப்பா ஜெயபாண்டி வீட்டுக்குப் போனார், அதனால் வரவில்லை என்று மட்டும் சொல்லாதே. காரணம் இங்கேயே இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரனுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிடாதே. பிறந்த பாலகனின் கிருபை உங்கள் மூன்று பேரையும், நீங்கள் போகிற வருகிற வழியையும் காக்கட்டும். இந்தத் தபால் வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. படித்து முடித்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், மணி அடித்ததும் வைத்துவிடு. உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தவசி