வாளியில் பதினொரு நாள் இருந்த கடல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் பல்வலியும் உன் சித்தப்பாவும் நீங்கலாக. உன் நலத்தையெல்லாம் அம்மா போனிலேயே கேட்டு முடித்துவிடுகிறாள், எனக்கு மிச்சம் வைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

கடலில் மஞ்சள் மிதவை ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். கால்மணிக்கு ஒருமுறை தண்ணீரைத் தானே சோதித்து அலுவலகத்துக்கு அனுப்பும், சுத்தமாக இருந்தால் கரையில் பச்சை விளக்கும் கெட்டுப்போனால் சிவப்பு விளக்கும் எரியும். இருபத்திரண்டு வருடமாகப் படகுத்துறையில் பாட்டிலில் தண்ணீர் மொண்டு சோதிக்கும் என் பிரிவை அதனால் மாதக் கடைசியில் மூடிவிட்டு, என்னைக் கடலே இல்லாத ஊருக்கு அனுப்ப உன் சித்தப்பா முடிவு செய்தார். கல்லூரியில் என் செய்முறை நோட்டைப் பார்த்து எழுதித் தேறிய மனிதர், இன்று எனக்கு மேலதிகாரி. நான் அதை மறந்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். பதினொரு நாள் தொடர்ந்து பச்சை விளக்கு. பாருங்க சகலை, கடல் இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்ல, இனி உங்க பாட்டிலுக்கு என்ன வேலைன்னு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அளவுகளை வாங்கிப் பார்த்தேன். அழுக்கு இல்லை, கிருமி இல்லை, உப்பும் இல்லை. கடல்ல உப்பு எங்கே என்றேன். மழை பெஞ்சிருக்கும் என்றார். படித்த படிப்பு அப்படி.

நேராகப் படகுக் கொட்டகைக்குப் போனேன். மிதவை மட்டும் கடலில் ஆடிக்கொண்டிருக்க, அதன் வயிற்றில் இருக்க வேண்டிய சென்சார் பெட்டி ஒரு நீல வாளியில், குழாய்த் தண்ணீரில் சொகுசாக ஊறிக்கொண்டிருந்தது. படகோட்டியைக் கேட்டால், சென்சாரை எப்பவும் சுத்தமா வெச்சுக்கணும்னு ஐயாதான் உத்தரவு போட்டார், கடல்ல போட்டா ரெண்டே நாள்ல பாசி புடிச்சு அழுக்காகுது சார் என்கிறார். வாளியோடு கூட்ட அறைக்குப் போய் உன் சித்தப்பாவின் மேசையில் வைத்து, இதுதான் உங்க கடல், ஒரு வாய் குடிச்சுப் பாருங்க என்றேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. பிரிவை மூட வேண்டாம், இவரே வாரம் ஒருமுறை படகில் போய் மிதவையைச் சரிபார்க்கட்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். உன் சித்தப்பா முகம் போன போக்கைப் படம் எடுக்காமல் விட்டேனே என்பதுதான் என் வருத்தம்.

நேற்று முதல் பயணம். என் கடல் அனுபவமெல்லாம் படகுத்துறைச் சிமெண்டில் நின்றபடிதான் என்பது புறப்படும்போது நினைவுக்கு வரவில்லை. சென்சாரை மாட்டி முடித்து நிமிர்ந்தேன், அலை ஒரு தூக்குத் தூக்கியது, காலையில் சாப்பிட்டதெல்லாம் மிதவையை ஒட்டியே போய் விழுந்தது. படகோட்டி முதுகைத் தடவிக்கொடுத்து, விடுங்க சார், கடல் பெருசு, யாருக்குத் தெரியப்போகுது என்றார். நாலே நிமிடத்தில் கரையில் சிவப்பு விளக்கு எரிந்தது, சங்கு ஊதியது, குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த இயந்திரத்தைப் பற்றி நான் சொன்ன குறையெல்லாம் வாபஸ். திடீர் மாசுக்குக் காரணம் என்ன, எழுத்துல கொடுங்க சகலை என்று உன் சித்தப்பா கேட்டார், குரலில் அப்படி ஒரு தேன். உயிரியல் கழிவு, ஒரே மூலம், ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தேன். என்ன உயிரி என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். படகில் குமட்டாமல் இருக்க அங்கே நல்ல மாத்திரை கிடைத்தால் உடனே அனுப்பு, சித்தியிடம் மட்டும் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
மேற்படி உயிரியாகிய உன் அப்பா