அட்டைக்குப் பின்னால் ஒட்டியது

மார்ச் 3
வேலையில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் இருபது வருஷம் உட்கார்ந்த அதே நாற்காலி. அவர் இறந்துபோனதால் எனக்குக் கொடுத்த இடம். ஒரு மாதம் பார்ப்பார்களாம், கை வராவிட்டால் வேறு ஆள். "பூச்சி ஆபீஸ்" என்றுதான் சொல்வார். மருந்து அடிப்பார் என்று நினைத்திருந்தேன். வந்து பார்த்தால், பூச்சிகளை இனம் பிரித்துப் பெட்டியில் சேர்த்துவைக்கும் ஆராய்ச்சிக்கூடம்.

மார்ச் 4
இதை எப்படி எழுத. வண்டுகள் எல்லாம் பார்க்க ஒரே அச்சு. எது எந்த இனம் என்று ஆண் வண்டின் அந்த உறுப்பைப் பார்த்தால்தான் தெரியுமாம். வெந்நீரில் ஊறவைத்து, வளைந்த ஊசியால் பின்பக்கத்தைத் திறந்து வெளியே இழுத்து, வண்டை ஒட்டும் அட்டையிலேயே அதையும் ஒட்ட வேண்டும். வேலை கற்றுத்தரும் மேடம் காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னார்: "பூட்டெல்லாம் ஒண்ணுதாம்மா. சாவியப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்."
காது சுட்டது.
இருபது வருஷமா இதையா செஞ்சீங்க? சோறு போடறப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மார்ச் 5
நாத்தனார் கேட்டாள், "அண்ணி, அண்ணன் அங்க என்ன வேலைதான் பார்த்தாரு?"
ஊசி வேலை என்றேன். பொய் இல்லை.

மார்ச் 11
ரவிக்கைக்குக் கொக்கி தைத்த கை. இன்று பதினெட்டு எடுத்தேன். சிலதுக்கு அது உடம்பில் பாதி நீளம்! கூடவே இரண்டு விதை, நூலிழை மாதிரிக் குழாய்கள், எல்லாம் சுருட்டி மடித்து உள்ளே. எனக்குப் புடவைகூட இவ்வளவு ஒழுங்காக அடுக்க வராது.

மார்ச் 24
மேடம் என் பெட்டியைத் திறந்தார். நூற்று நாற்பது அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வண்டு.
"வண்டு இருக்கு. மத்தது எங்கம்மா? ஒண்ணையும் காணோமே."
வேலை போச்சு என்று நினைத்தேன். ஓர் அட்டையைத் திருப்பிக் காட்டினேன். எல்லாமே பின்பக்கம்தான் ஒட்டியிருந்தேன்.
"ஏன் அங்க?"
"நாலு பேர் வந்து பாக்கற இடம் மேடம். வண்டானாலும் அதுக்கு ஒரு மானம் இருக்கில்ல."
மேடம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். மேலே என் வீட்டுக்காரர் கையெழுத்து. முதல் மாதத்து வேலையாம். ஓர் அட்டையைத் திருப்பினேன். இன்னொன்றை. எல்லாம் பின்னால்.
"அவரும் இதையேதான் சொன்னார். பிரிக்க மனசு வரல, வெச்சிருக்கேன்."
சிரிக்க ஆரம்பித்தேன். எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

மார்ச் 29
பிரித்து முன்னால் ஒட்டுகிறேன். விரலெல்லாம் பசை.

ஏப்ரல் 3
வேலை நிலைத்தது. நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடித்த தண்ணீர் அவள் மூக்கில் ஏறிவிட்டது. "எங்கண்ணனா? உங்களப் பொண்ணு பாக்க வந்தப்ப தலையே நிமிராத ஆளாச்சே!"
என் அட்டைகளில் ஒன்றை மட்டும் மேடம் பிரிக்க விடவில்லை. என் வீட்டுக்காரரின் பழைய பெட்டியில் ஓர் ஓரமாக இடம் இருந்தது. அங்கே குத்தி வைத்தேன்.