மணிக்கு ஏழு பங்கு

அன்புள்ள பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிட்டாயா? போனை எடுக்க மாட்டேன் என்று பதினொரு நாளாக அடம்பிடிக்கிறாய். கடிதம் மணியடிக்காது, மடியில் வந்து விழுந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கோபம் உனக்கு மட்டும்தானா? எனக்கும் இருக்கிறது. நீ உன் அப்பனிடம் போனில் கத்தினது என் காதிலும் விழுந்தது. அவன் சத்தமாக வைத்துத்தான் பேசுவான், உனக்குத் தெரியாதா? அஞ்சாம் கிளாஸ் பாட்டிகிட்ட சீட்டைக் கொடுத்தது என் முட்டாள்தனம் என்று சொன்னாய். அஞ்சாம் வகுப்புதான். ஆனால் பிஸ்கட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பொட்டலம் கட்டினவள் நான். எண்ணிக்கையில் ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது என்று ஒரு நாளும் ஒரு மேஸ்திரியும் என்னைக் கேட்டதில்லை. கலோரி என்றால் பாட்டிக்கு என்ன தெரியும் என்கிறாய். அந்த பிஸ்கட் உறையின் பின்பக்கம் அச்சடித்திருந்தது என்ன, ஜாதகமா?

அந்த முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு நீ எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து சொல்கிறேன். “பாதி வழியில்: மணிக்கு 6 பேரீச்சம்பழம், 4 பிஸ்கட். மொத்தம் 7 பங்கு. எனக்குத் தண்ணீர் 2 பாட்டில்.”

இதைப் படித்தவள் என்ன நினைப்பாள்? உன்கூட ஓட்டுகிறவன், சைக்கிளில் கோயில் மணி அளவுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஊரையே எழுப்புகிறவன், அவனை நீயும் உன் கூட்டமும் என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? மணி. மணிக்கு என்று எழுதினால் மணிக்குத்தானே கொடுப்பேன்! ஒரு மணி நேரத்துக்கு என்று எழுத உன் பேனாவில் மை இல்லையா?

அவனுக்கு நாற்பத்திரண்டு பேரீச்சம்பழம், இருபத்தெட்டு பிஸ்கட், தனக்கு மட்டும் வெறும் தண்ணீர், இது எந்த மாதிரி சிநேகிதம் என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. கேட்டால் எரிந்து விழுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். மனசு கேட்காமல் உன் பையில் ஒரு பன் மட்டும் வைத்தேன். பாதி வழியில் நான் காத்திருந்த அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் நீ நின்றது மூன்று நிமிஷம். போட்டாச்சா பாட்டி என்று கேட்டாய். போட்டாச்சு கண்ணு என்றேன். பையைத் திறந்து பார்க்க உனக்கும் தோன்றவில்லை.

அவனோ எனக்கா பாட்டி, எனக்கா பாட்டி என்று இரண்டு தடவை கேட்டான். உனக்குத்தான்டா, பேர் போட்டிருக்கு என்று நானே அவன் பையில் திணித்தேன். எப்போதும் கடைசியில் வருகிறவன் அன்றைக்கு மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தான். மறுநாள் வீட்டுக்கே வந்து, பாட்டி உங்க பொட்டலம்தான் என்னைத் தள்ளிக்கிட்டுப் போச்சு என்று காலில் விழுந்தான். விளக்குமாற்றைத் தேடினேன்.

நீயோ இருநூற்று இருபதாவது கிலோமீட்டரில் பஞ்சர் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாய். காரில் உன்னை ஏற்றும்போது உன் உதடு வெள்ளையாக இருந்தது. என்னை முறைக்கக்கூட உனக்குத் தெம்பில்லை. நான் மறக்காதது அதுதான். முந்நூறு கிலோமீட்டருக்கு ஆறாயிரம் கலோரி எரியும், அதில் பாதியாவது வழியிலேயே உள்ளே போகணும், இல்லையென்றால் கால் நின்றுவிடும் என்று நீ சொல்லும்போது, சும்மா பயம் காட்டுகிறாய் என்று நினைத்தேன். நின்றுவிட்டதே.

பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம், என் பேத்தி ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டர் சைக்கிளில் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஏன், பஸ் ஓடலியா என்று கேட்டவள் அவள். இப்போது தினமும், போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கிறாள். மாதக் கடைசியில் அதே வழியில் இன்னொரு தடவை இருக்கிறது, அதைவிட்டால் இந்த வருஷம் பெரிய ஓட்டத்துக்கு உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று உன் அப்பன் சொன்னான். அதற்குப் பாட்டி வர வேண்டாம் என்று நீ சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னான்.

சரி, வரவில்லை. ஆனால் பொட்டலம் வருகிறது. பழைய தலையணை உறையைக் கிழித்து ஏழு சின்னப் பை தைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஆறு பழம், கொட்டை எடுத்தது, நான்கு பிஸ்கட். வெளியில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண் தைத்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாம் பை, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டாம் பை. ஓட்டிக்கொண்டே ஒரு கையால் அவிழ்க்கிற முடிச்சு. நாலு தடவை கட்டிப் பார்த்தேன். பசித்த பிறகு தின்னாதே, அப்போது நேரம் கடந்திருக்கும் என்று நீதான் சொல்வாய். நீயே அதைக் கேள்.

கொண்டுவருகிறவன் அந்த மணிதான். வேறு ஆள் கிடைக்கவில்லை. வழியில் தொட மாட்டேன் என்று அவன் அம்மா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அவன் முன்னாலேயே எண்ணி வாங்கு.

வயிறு வாடாமல், கால் சோராமல் நீ போய்ச் சேர வேண்டும். அந்த வராந்தாவில் நான் நிற்கட்டுமா, வேண்டாமா என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. இந்தத் தடவையாவது தெளிவாக எழுது.

இப்படிக்கு,
எண்ணிக்கை தவறாத
உன் பாட்டி