சாய்த்து வைத்த கண்ணாடி

பிப்ரவரி 6

அன்புள்ள புழுவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். தகரக் கொட்டகை, இரும்புக் கட்டில், ஒரு மேசை. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் குடையப்போகும் மலை. அது எங்களைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

போனில் சிக்னல் கிடைக்காது. மேஸ்திரி ஒருவர் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று மனைவியோடு பேசுகிறார். "சத்தமா சொல்லுடி!" என்று அவர் கத்துவதில் அவர்கள் வீட்டு விவகாரம் முகாம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் தொட்டி ஏறுவதாக இல்லை. வியாழக்கிழமை சாமான் லாரி வரும். தபால் அதில் வரும், அதில் போகும். ஆகவே எழுது. அச்சகத்துக்குப் பிழை திருத்திச் சம்பாதிக்கிற புத்தகப் புழு நீ, எழுத வராது என்று சொல்லிவிடாதே.

ஆறு மாதம்தான். அதற்குள் வீட்டை வீடாக்கி வை. கிளம்பும்போது சொன்னதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பாய். எனவே மறுபடியும். சமையலறை மஞ்சள். வெளிர் மஞ்சள் இல்லை, மஞ்சள். படுக்கையறை பச்சை கலந்த நீலம். சாம்பிள் அட்டை பிரிட்ஜ்மேல் இருக்கிறது. அட்டைப்பெட்டிகளைப் பிரி. பின்பக்க மண்ணைக் கொத்திக் காய்கறி போடு. கண்ணாடியை ஹாலில் மாட்டு. ஹால் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு 'குழாய்' என்று எழுதியிருக்கிறேன். ஆணி அடிக்குமுன் அதைப் பார்.

நம் வீடு. எழுதிப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. உனக்கும் இருக்கிறதா?

சுரங்கம்


பிப்ரவரி 20

அன்புள்ள சுரங்கத்துக்கு,

உன் கடிதம் டீசல் வாசனையோடு வந்தது. வாசனை போகும்வரை தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

பெயின்ட் முடிந்தது. சுவரெல்லாம் மழமழவென்று இருக்கிறது. எங்கும் ஒரு கோடு இல்லை.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் டப்பாவைத் திறந்ததும் எனக்குத் துணிச்சல் போய்விட்டது. மூடி, கடைக்கு எடுத்துப் போய், க்ரீம் வாங்கி வந்தேன். எல்லா அறைக்கும் க்ரீம். அது எதற்கும் ஒத்துப்போகும். பெயின்டர் அண்ணன் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே கேட்டார், "வீட்ட வாடகைக்கு விடப் போறீங்களா சார்?"

"இல்லண்ணே. நாங்கதான் இருக்கப் போறோம்."

"இருக்கப் போறவங்க இந்தக் கலர் கேக்க மாட்டாங்களே."

தோட்டம் போட்டாயிற்று. பழைய சிமென்ட் சாக்குகளில். தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ், ஓரத்துச் சாக்கில் பூசணி. சாக்கு என்றால் வெயிலுக்குத் தகுந்தபடி நகர்த்தலாம். அவசரம் என்றால் தூக்கிக்கொண்டு போகலாம். என்ன அவசரம் என்று கேட்காதே. யோசித்தேன், தெரியவில்லை.

கண்ணாடி ஹாலில் இருக்கிறது. சுவரில் சாய்த்து. அதில் முழங்கால்வரைதான் தெரிகிறது. காலையில் அந்தப் பக்கம் போனால் யாரோ வீட்டுக்குள் நடப்பதுபோல் இருக்கிறது. முகம் தெரியாததால் இன்னும் அறிமுகம் செய்துகொள்ளவில்லை.

புழு


மார்ச் 6

அன்புள்ள புழுவுக்கு,

க்ரீம்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகச் சுரங்கத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். நகராட்சி அலுவலகத்துக்கு க்ரீம் அடிப்பார்கள். பல் டாக்டர் அடிப்பார். 'எதற்கும் ஒத்துப்போகும்' என்கிறாய். நாம் இரண்டு பேரே ஒத்துப்போவதில்லை, சுவர் யாரோடு ஒத்துப்போக வேண்டும்?

பிறகு தோட்டம். பின்பக்கம் அத்தனை மண் கிடக்கிறது. நீ அந்த மண்ணை அள்ளிச் சாக்கில் போட்டு, சாக்கை அதே மண்மேல் வைத்திருக்கிறாய். உன்னை என்ன செய்வது? இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். தொட்டிமேல் ஏறும் மேஸ்திரி சோற்றைக் கையில் வைத்தபடியே சிரித்தார். "சார் நல்லவருங்க மேடம். ஆனா எங்கயோ இடிக்குது" என்றார்.

எனக்கும் எங்கோ இடிக்கிறது.

இங்கே வேலை பரவாயில்லை. எங்கே தட்டினாலும் தண்ணீர் கசிகிறது. மலைக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்க ஈரப் பூட்ஸ். இரவு அதைக் கழற்றும்போது நம் வீட்டு மஞ்சள் சமையலறையை நினைத்துக்கொள்வேன். இனி எதை நினைப்பது?

சரி, போகட்டும். பெயின்ட்டை விடு. ஒரு கண்ணாடி, ஒரு ஆணி. உன்னை நான் மலையைக் குடையச் சொல்லவில்லை.

சுரங்கம்


மார்ச் 27

அன்புள்ள சுரங்கத்துக்கு,

அத்தை வந்து இரண்டு நாள் தங்கிப் போனார்கள். "தக்காளி பூத்துருக்கே மாப்பிள்ளை" என்றார்கள். இன்னும் பிரிக்காத பெட்டிகளைப் பார்த்தார்கள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆணி.

முயற்சி செய்தேன். சுத்தியல் இல்லை என்பது உண்மை. இருந்திருந்தாலும் தெரியவில்லை. நான் வளர்ந்த வீடுகள் எதிலும் ஆணி கிடையாது. அம்மா விட மாட்டாள். "ஓட்டை போட்டா ஓனர் கத்துவாருடா." எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். காற்றடித்தால் தேதி திரும்பிக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டிலும் அப்பா பெட்டிகளைப் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைப்பார். எப்படியும் அடுத்த வருடம் வேண்டும் என்பார். வேண்டியிருந்தது.

இப்போது ஓனர் நாம் என்று தெரியும். பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. எடுத்துப் படித்தும் பார்த்தேன். இரண்டு இடத்தில் பிழை. ஆனாலும் சுவரில் கை வைத்தால் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது.

மிளகாயைப் புழு தின்கிறது. (நான் இல்லை.) பீன்ஸ் பந்தல் கேட்கிறது. பந்தலுக்குக் குழி தோண்ட வேண்டும். அதனால் இப்போதைக்கு ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டிருக்கிறேன், எங்கள் காலண்டரைப் போல.

புழு


மே 8

அன்புள்ள புழுவுக்கு,

ஏப்ரல் முழுக்க உன்னிடமிருந்து வந்தது இரண்டே வரி. கத்தரிக்காய் எட்டு பறித்தாய் என்று ஒன்று. மின்கட்டணம் கட்டினாய் என்று ஒன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கே இதைவிட அதிகம் சொல்லியிருப்பாய்.

அங்கே வந்து போன என் அம்மா எழுதியிருக்கிறாள். அவள் சொன்னபடியே தருகிறேன். "ஏண்டி, மாப்பிள்ளை எங்கயாவது கிளம்பறாரா? எல்லாத்தயும் கட்டியே வெச்சிருக்காரு. கரண்டி கேட்டா பெட்டிக்குள்ள கைய விட்டுத் துழாவி எடுத்துக் குடுக்கறாரு. செடியக்கூட மூட்டையில வெச்சிருக்காரு. உங்களுக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமா?"

எனக்கு ஓனர் கதை புரிகிறது. உன் அம்மா, காலண்டர், எல்லாம் புரிகிறது. ஆனால் மூன்று மாதம் ஆகிவிட்டது. இங்கே படுத்துக்கொண்டு அந்த வீட்டை நினைத்தால், கிளம்பத் தயாராக ஒருவன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் தெரிகிறது. அவன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறானா, என்னைவிட்டா என்பது தெரியவில்லை.

இன்னொன்று. மலையின் மறுபக்கத்து வேலையும் எங்களுக்கே கிடைத்திருக்கிறது. என்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். நல்ல பதவி. ஜூன் முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. எதற்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு நிமிடம் நின்றேன். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ அந்த வீட்டில் இருக்கிறாயா இல்லையா? அதை மட்டும் சொல்.

சுரங்கம்


மே 22

அன்புள்ள சுரங்கத்துக்கு,

உட்கார்ந்து படி. நான் நலம். வீடு நலமில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கடைக்குப் போனேன். சுத்தியல் வாங்கினேன். "ஆணி எத்தனை இஞ்ச் சார்?" என்றார் கடைக்காரர். இருப்பதில் பெரியதாகக் கொடுங்கள் என்றேன். முதல் ஆணி, கஞ்சத்தனம் வேண்டாமே.

உன் உயரத்தை மனதில் வைத்துச் சுவரில் ஒரு புள்ளி வைத்தேன். முதல் அடி விரலில். அடுத்தது சுவரில். இன்னும் இரண்டு அடி. சுவர் 'புஸ்' என்றது. பயத்தில் ஆணியைப் பிடுங்கினேன். தண்ணீர் நேராக என் நெஞ்சில் அடித்தது.

மெயின் வால்வு எங்கே என்று தெரியவில்லை. பிளம்பர் வந்து மூடுவதற்குள் ஹாலில் கால்விரல் முழுகிவிட்டது. அவர் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பைப் எங்க ஓடுதுன்னு பாக்காமலா சார் அடிச்சீங்க?"

"கோடு போட்டிருந்தா. பெயின்ட்ல மறைஞ்சுடுச்சு."

"யாரு போட்டது?"

"என் மனைவி."

"அவங்க எங்க?"

"சுரங்கத்துல."

அவர் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார்.

பெட்டிகள் ஊறிப்போயின. தூக்கினால் அடி கழன்று எல்லாம் காலில் கொட்டியது. உன் ஸ்வெட்டர்கள், நம் புத்தகங்கள், தட்டுகள், கல்யாணப் போட்டோ, எதற்கென்றே தெரியாத ஒரு புனல். கிடைத்த இடத்தில் பரப்பிக் காயவைத்தேன். இப்போது காய்ந்துவிட்டன. திருப்பி வைக்கப் பெட்டி இல்லை. அதனால் தட்டு அலமாரியில், புத்தகம் ஜன்னலில், போட்டோ பிரிட்ஜ்மேல். நேற்று கரண்டி தேவைப்பட்டது. யோசிக்காமல் கை அலமாரிக்குப் போனது. நின்று அந்தக் கையைப் பார்த்தேன்.

உடைந்த குழாய் பின்சுவர் வழியாகப் போகிறதாம். தோண்ட வேண்டும், சாக்குகளை நகர்த்துங்கள் என்றார் பிளம்பர். தக்காளி நகர்ந்தது. மிளகாய் நகர்ந்தது. பூசணி நகரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். சாக்கின் அடியைப் பொத்துக்கொண்டு வேர் கீழே மண்ணுக்குள் போயிருக்கிறது. எப்போது போனதோ, என்னிடம் சொல்லவில்லை. "இழுத்தா செத்துரும் சார், விட்டுடுங்க" என்றார். சாக்கைக் கத்தியால் கீறி உருவிவிட்டேன். செடி அப்படியே நிற்கிறது. இரண்டு பிஞ்சு இருக்கிறது.

சின்ன வயதில் ஒரு வீட்டில் மண்ணில் பூசணி வைத்தேன். பிஞ்சு விட்ட வாரம் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் வண்டியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், பெரிய சோகம் எல்லாம் இல்லை. உன்னிடம் சொல்லத் தோன்றியதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நான் கிளம்பவில்லை. கிளம்ப நினைத்ததும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி வைத்தபிறகு நீ வராமல் போனால், தனியாகத் திருப்பிக் கட்ட வேண்டியவன் நான். அதற்குப் பயந்தேன்.

இருக்கிறேன். நீ இரண்டு வருடம் அங்கேயே இருந்தாலும் இங்கே இருப்பேன். 'வா' என்று சொல்லத்தான் யாரிடமோ அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை.

வா.

புழு

பி.கு. ஆணியை உள்ளே வைத்திருக்கிறேன். வளைந்திருக்கிறது.


ஜூன் 5

அன்புள்ள புழுவுக்கு,

ஆணி உறையைக் கிழித்துக்கொண்டு, லாரி டிரைவர் விரலையும் கீறிவிட்டு வந்து சேர்ந்தது. "என்ன மேடம், வீட்டுலருந்து ஆயுதமெல்லாம் அனுப்புறாங்க?" என்றார்.

நாலு இஞ்ச்! ஒரு கண்ணாடிக்கு! இந்த மலையில்கூட நாங்கள் இவ்வளவு வெறியோடு எதையும் அடித்ததில்லை. 'எங்கும் ஒரு கோடு இல்லை' என்று நீ எழுதியபோதே நான் பதறியிருக்க வேண்டும். க்ரீமைப் பார்த்த ஆத்திரத்தில் அதைக் கவனிக்கவில்லை. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன், புழு. மெயின் வால்வு வாசல் படிக்குப் பக்கத்தில், சிவப்புக் கைப்பிடி. மூன்று தடவை காட்டினேன். தலையாட்டினாய். எதைப் பார்த்துத் தலையாட்டினாயோ.

ஈரச் சுவர்மேல் உடனே பெயின்ட் அடிக்காதே, உப்பிக்கொள்ளும். நன்றாகக் காயட்டும். காய்ந்ததும் அதே பெயின்டரைக் கூப்பிடு, அவருக்கு நம்மைப் பற்றி ஒரு கவலை இருக்கும். இந்தத் தடவை டப்பாவை நீ திறக்காதே, அவர் திறக்கட்டும். மற்ற சாக்குகளையும் கீறிவிடு. அந்தப் புனல் என்னுடையது, தூக்கிப் போட்டால் தெரியும் சேதி.

இரண்டு வருடத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். இன்னும் நாலு நாள் இருந்தது, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லப் போனேன். வாய் வேறு சொல்லிவிட்டது. உன் கடிதம் இன்று வியாழக்கிழமைதான் வந்தது. ஆகவே இதில் உனக்கு ஒரு பங்கும் இல்லை, அலட்டிக்கொள்ளாதே. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்காதே. யோசித்தேன், தெரியவில்லை.

எனக்குப் பதில் ஆள் வரும்வரை இங்கிருந்து விடமாட்டார்கள். ஆகஸ்ட் செப்டம்பர் ஆகலாம். அதுவரை பூசணியைப் பறிக்காதே.

கண்ணாடியை மாட்டாதே. சுத்தியலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். கண்ணாடி தரையிலேயே இருக்கட்டும், வாசல் பக்கமாக மட்டும் திருப்பி வை. நான் கதவைத் திறக்கும்போது அதில் முழங்கால்வரைதான் தெரியும், இரண்டு சேற்றுப் பூட்ஸ். அப்போதாவது அறிமுகம் செய்துகொள்.

சுரங்கம்