குறி பார்க்கிற கண்ணாடி

2006 ஜனவரி 15, ஞாயிறு

இன்றைக்கும் நான்தான் கொட்டி.

நிவித்திகலப் பக்கம் கைவிட்ட ரப்பர் மலையில் பிரியங்கரவும் கூட்டாளிகளும் ஞாயிறு தோறும் ஏர்சொஃப்ட் ஆடுகிறார்கள். பிளாஸ்டிக் மணி சுடுகிற விளையாட்டுத் துவக்குதான், ஆனால் பார்க்க அசலேதான். ஆர்மி ஒரு பக்கம், கொட்டி ஒரு பக்கம். மற்றவர்கள் மாறி மாறி நிற்பார்கள். நான் மட்டும் மாறுவதில்லை. சிங்களத்தில் கொட்டி என்றால் புலி. அந்தக் கூட்டத்தில் தமிழன் நான் ஒருத்தன்.

"ஏன்டா எப்பவும் நானே?" என்று கேட்டேன். "சும்மா விளையாட்டுத்தானே மச்சாங், ஒனக்கு அது நல்லா பொருந்துது" என்றான் பிரியங்கர. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிகிறது அதுக்குத்தான் — நான் ஏன் சிரித்தேன்?

எனக்கு ஆர்மி மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிறாவது மற்றவனைப் போல மாறி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 22

பிரியங்கர என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். மாணிக்கக்கல் முதலாளி மகன், ஒரே டியூஷன் வகுப்பில் பெஞ்சைத் தேய்த்த காலத்திலிருந்து கூட்டாளி. அவன் மனசில் கள்ளம் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஒன்ட துவக்குக்கு நல்ல சைட் ஒன்னு மாட்டிக்கிட்டு வா. ஆர்மி பக்கம் குறி தப்பாம அடிக்க ஒரு ஆள் வேணும். சத்தியமா எடுக்குறேன்."

சரி. பார்ப்போம்.

பெப்ரவரி 3

கடையில் வேலை இல்லை. மழை. நான் வேலை பார்க்கிற கபூர் நானாவின் ரேடியோ ரிப்பேர் கடையில் மழை நாளில் ஈதான் வரும். உட்கார்ந்து சைட் பற்றி, அதுதான் துவக்கில் மாட்டிக் குறி பார்க்கிற கண்ணாடி பற்றி, யோசித்தேன்.

அசல் வாங்க என் ஏழு தலைமுறைக்கும் முடியாது. போலிதான். போலியிலும் ஏமாறாத போலி வேண்டும். பிரியங்கர வைத்திருப்பது நீள ஸ்கோப், நாலு மடங்கு பெரிதாகக் காட்டும். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் பிளாஸ்டிக் மணி நாலு ரப்பர் மரம் தாண்டுவதற்குள் தரையைப் பார்க்கிறது. அந்தத் தூரத்துக்குப் பெரிதாகக் காட்டி என்ன பிரயோசனம்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வருகிறவன் தெரிய மாட்டான். ரெட் டொட் என்றால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி மிதக்கும், புள்ளியை ஆள் மேல் வைத்தால் முடிந்தது.

"என்னத்துக்கு மகன் இந்த விளையாட்டு?" என்றார் கபூர் நானா. "நாடு கெட்டுக் கெடக்கு. நீங்க துவக்குத் தூக்கி விளையாடுறீங்க."

"அவங்களும்தானே விளையாடுறாங்க நானா."

"அவங்க விளையாடலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, வேறு யார் மேலா என்று தெரியவில்லை.

பெப்ரவரி 11, சனி

கடைக்கு உதிரிப்பாகம் வாங்கப் புறக்கோட்டைச் சந்தைக்குப் போனேன். அப்படியே விளையாட்டுச் சாமான் சந்துக்குள்ளும் நுழைந்தேன்.

முதலில் காட்டியது சதுரக் கண்ணாடி வைத்தது. ஆளை மயக்கும் அழகு. ஆனால் முன்னால் கண்ணாடி அப்படியே திறந்து கிடக்கிறது, ஒரு மணி பட்டால் போச்சு. இரண்டாவதில் புள்ளி புள்ளியாகவே இல்லை, நசுங்கின மிளகாய் விதை மாதிரி. "ஒங்க கண்ணுல கோளாறு" என்று கடைக்காரன் காது குத்தினான். நான் ரேடியோ பிரித்து மேய்கிறவன்டா, யாருக்கிட்ட? மூன்றாவது கட்டைக் குழாய். உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன், குலுக்கினேன், தலையை இப்படி அப்படி ஆட்டிப் பார்த்தேன். புள்ளி வைத்த இடத்தில் நின்றது. பிடி என் துவக்கின் முதுகில் இருக்கிற தண்டவாளத்துக்குச் சரியாக உட்காருமா என்று அட்டையில் வெட்டிக் கொண்டுபோன அளவை வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. பேட்டரி கல்குலேட்டருக்குப் போடுகிற பொத்தான் பேட்டரி, நம் கடையிலேயே கிடைக்கும். அதையே எடுத்தேன். முன் கண்ணாடிக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை நானே வெட்டிப் போட்டுக்கொள்வேன்.

பஸ்சை அவிசாவளைக்கு இந்தப் பக்கம் நிறுத்திச் சோதித்தார்கள். உதிரிப்பாகப் பைக்குள் கிடந்த குழாயை எடுத்து "மேக்க மொகக்த?" என்றான் சிப்பாய், இது என்ன என்று. டோர்ச் உதிரி என்று என் சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். திருப்பிக் கொடுத்தான்.

துவக்கு பிரியங்கர வீட்டில்தான் எப்போதும் இருக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வைக்க நான் என்ன கிறுக்கனா?

பெப்ரவரி 13

லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து வில்லை வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்தது.

"என்னாடா ராசு அது? டோர்ச்சா?"

"இல்லம்மா. குறி பாக்குறது."

கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்தது. அப்படியே நின்றது. "ஆத்தா... பொட்டு தெரியுதுடா" என்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவுக்குக் குறி என்றால் கோயிலில் சாமி வந்து சொல்கிற குறி. வெற்றிலையில் மை தடவிக் காணாமல்போனதைப் பார்க்கிறார்களே, அந்த மாதிரிப் புதுச் சாமான் என்று நினைத்துவிட்டது. நான் விளக்கப் போனேன், கேட்டால்தானே. அதற்குள் சந்தனமும் குங்குமமும் குழைத்துக் குழாயின் தலையில் ஒரு பொட்டு. திருகாணிக் காடிக்குள் எல்லாம் இறங்கிவிட்டது.

"ஒன் கூட்டாளிமாரு எப்படின்னு அதுல ஒருக்கா பாரேன்" என்றது போகிற போக்கில். அம்மாவுக்குப் பிரியங்கரவைப் பிடிக்காது.

பெப்ரவரி 19, ஞாயிறு

சைட்டோடு போனேன். பிரியங்கர எடுத்துப் பார்த்தான், "அம்மோ, சோக்கா இருக்குடா" என்றான், தன் துவக்கில் மாட்டினான். சாயங்காலம்தான் கழற்றிக் கொடுத்தான். விலைக்குக் கேட்டான். மாட்டேன் என்றேன். முகம் கொஞ்சம் மாறியது.

நான் நின்ற பக்கம்? கொட்டி. "இன்னைக்கு மட்டும் மச்சாங்."

மார்ச் 12

கொட்டி.

ஏப்ரல் 30

கொட்டி. ஆனால் என் பக்கம் ஜெயித்தது. யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 29

வடக்கே பாதையை மூடிவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா புஷ்பம் அக்காவின் புருசன், சண்டை இல்லாத காலத்தில் கிளிநொச்சிக்கு மேசன் வேலைக்குப் போனவர், அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். கடிதமும் இல்லை, போனும் இல்லை.

இன்று அக்கா வந்து அம்மாவிடம் குசுகுசு என்று பேசியது. வேலை முடிந்து வந்து பார்த்தால் ஞாயிறு தவிர மற்ற நாளில் அம்மா சாமித்தட்டில் வைத்திருக்கிற என் சைட் அக்காவின் கண்ணில்.

"பொட்டு இருக்குடா ராசு" என்றது. கண்ணில் தண்ணி. "நான் பொட்டோடத்தான் இருப்பேன்னு காட்டுது. அவரு இருக்காரு."

அது பேட்டரி அக்கா, பொத்தான் பேட்டரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன கிழிக்கப் போகிறேன்?

செப்டம்பர் 3, ஞாயிறு

வெட்கமில்லாமல் பிரியங்கரவிடம் நானே கேட்டேன். "அடுத்த ஞாயிறு கட்டாயம் ஆர்மி, சத்தியமா" என்றான்.

2007 பெப்ரவரி 6

நான் எழுதுகிற இந்தக் கொப்பி கடை மேசை லாச்சிக்குள் கிடந்ததால் தப்பியது. கபூர் நானா இன்றைக்குத்தான் எடுத்துக் கொடுத்தார். எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு வரவே இல்லை. அதற்கு முன்னால் ஒரு விடியலில் பொலிசார் லயத்தைச் சுற்றி வளைத்தார்கள். எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டுக் காம்பரா காம்பராவாகப் போனார்கள். எங்கள் சாமித்தட்டிலிருந்து என் சைட் வந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்தேனாம். ஒளிக்கவில்லை, அம்மா பூ போட்டு வைத்திருந்தது.

சார்ஜன் என்னைப் பேச விடவில்லை. அம்மாவைத்தான் கேட்டான், தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருத்தனை வைத்து. இது என்ன?

அம்மா கையெடுத்துக் கும்பிட்டது. "அது குறி பாக்குறதுங்க தொர."

கான்ஸ்டபிள் திரும்பிச் சொன்னான்: "எல்ல கரன எகக் சேர்." குறி வைக்கிற சாமான்.

எனக்கு அந்த நேரத்திலும் — கடவுளே — சிரிப்பு வந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. அவன் மாற்றிச் சொன்னதும் பிழை இல்லை. சாஸ்திரம் பார்க்கிறது என்று அம்மா சொல்லியிருந்தால் அவனும் சாஸ்தர என்றிருப்பான், அவர்களே ஒரு தரம் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு சொல். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சார்ஜன் அறைந்தான். இடது காது இப்போதும் சரியாகக் கேட்பதில்லை.

"துவக்குவ கோ?" துவக்கு எங்கே? அதையேதான் கேட்டார்கள், அங்கேயும், பிறகு அடைத்து வைத்த இடத்திலும். லயத்தில் துவக்கு இருந்திருந்தால் தொட்டுப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும், பிளாஸ்டிக் என்று. இல்லாத துவக்குக்குத்தான் அத்தனை அடி. புத்திசாலி மாதிரி வெளியே வைத்தேனே!

பிரியங்கர வீட்டில் இருக்கிறது, விளையாட்டுத் துவக்கு, போய்ப் பாருங்கள் என்றேன். போனார்கள். திரும்பி வந்து சொன்னார்கள்: அங்கே இருப்பது எல்லாம் அவனுடையதாம். என்னை ரேடியோ பழுது பார்க்கிறவன் என்றுதான் தெரியுமாம். விளையாட வந்ததே கிடையாதாம்.

ஒரு நாள்கூட ஆர்மியில் எடுக்கவில்லை, சரி. கொட்டியாகக்கூட நான் அங்கே இருந்ததில்லையா?

கபூர் நானாதான் லோயர் பிடித்தார், அலைந்தார். என்னை வெளியே விட்ட அன்றைக்குச் சிறை வாசலில் நின்றதும் அவர்தான். "நான் சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 11

அம்மா கேட்டது: "நாந்தான்டா ஒன்னைய மாட்டி விட்டேனா?" இல்லை என்றேன். நம்பவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

கஹவத்தை பஸ் நிலையத்தில் பிரியங்கரவைக் கண்டேன். தோளில் நீளப் பை. என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். கை ஆட்டினான்!

2008 ஒக்டோபர் 9

புஷ்பம் அக்கா இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறது. லயத்தில் சிலபேர் வாயில் போட்டு மெல்லுகிறார்கள். நாக்கு அழுகிப் போகும் அவர்களுக்கு.

2009 மே 23, சனி

சண்டை முடிந்துவிட்டது என்று இந்த வாரம் முழுக்க டவுனில் வெடி. கடைக்குக் கடை பாற்சோறு. எங்களுக்கும் கொடுத்தார்கள், நானா வாங்கி வைத்தார், நான் தொடவில்லை.

மத்தியானம் பிரியங்கர வந்தான். முன்பு மாதிரியே மேசை மேல் ஏறி உட்கார்ந்தான். "என்னடா மச்சாங், கண்டு எவ்வளவு காலம்!" பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். "இது வேலை செய்யல. ஒனக்குத்தானே இதப் பத்தித் தெரியும்."

கட்டைக் குழாய். முன்னால் என் கையால் வெட்டின பிளாஸ்டிக் வில்லை. வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்திருக்கிறான். திருகாணிக் காடிக்குள் மட்டும் சிவப்பு காய்ந்து கிடந்தது.

"எங்க எடுத்த?"

"பொலிசுல சும்மா போட்டு வச்சிருந்தாங்க. அப்பா ஸ்டேசன் ஓ.ஐ.சி. கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரு, தந்துட்டாங்க."

அப்பா சொன்னாராம், ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு எங்கேடா போனது? கேட்கவில்லை.

"இனிப் பயம் இல்லை மச்சாங், எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றான். "நாளைக்கு விளையாட வா. ஆள் கொறைவு."

"எந்தப் பக்கம்?"

சிரித்தான். அவன் யோசிக்கக்கூட இல்லை. "கொட்டிக்குத்தான்டா ஆளே இல்ல."

"இத வச்சிட்டுப் போ" என்றேன். "வியாழக்கிழமை வா, பாத்து வைக்கிறேன்." தோளில் தட்டிவிட்டுப் போனான்.

பிரித்துப் பார்த்தேன். பேட்டரி செத்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அப்படியே மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

லயத்தில் புஷ்பம் அக்கா வாசலிலேயே நின்றது. "பாதைய தொறந்திருவாங்களாமே ராசு? அந்தக் குறிக் கண்ணாடி இருந்தா ஒருக்கா பாத்திருக்கலாம். அதையும் கொண்டு போயிட்டானுக."

ரேடியோவில் நான் கேட்டதை எல்லாம் அக்காவும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்துதான் கேட்கிறது.

வீட்டுக்குள் போய்ப் பையிலிருந்து அதை எடுத்தேன். அம்மா என் கையில் இருந்ததைப் பார்த்தது, குங்குமச் சிமிழை எடுத்தது. நான் பழைய கல்குலேட்டரைக் கழற்றி அதன் பேட்டரியை எடுத்தேன். போட்டால் பொட்டு தெரியும். போடாவிட்டால் தெரியாது. அவ்வளவுதான் இந்தச் சாமான்.

போட்டேன்.

வாசலில் நின்ற அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன், நெடுநேரம் கண்ணில் வைத்துப் பார்த்தது. பிறகு என் கையில் கொடுத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது நெற்றிப் பொட்டில் படாமல் சுற்றித் துடைத்தது.

"நீ பாத்தியாடா?" என்றது அம்மா, அக்கா போன பிறகு. "ஒன் கூட்டாளிமாரு எப்படின்னு?"

"பாத்துட்டேன்."

அம்மா அதைப் பூ வைத்துச் சாமித்தட்டில் ஏற்றிவிட்டது. வியாழக்கிழமை பிரியங்கர வந்தால், உள்ளே எல்லாம் எரிந்து போய்விட்டது, திருத்த முடியாது, குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்வேன். சுத்தமான சிங்களத்தில்.