கடலிலும் மாமன் கைதானா?

அன்புள்ள தனலட்சுமிக்கு,

நான் நலம், இடுப்பைத் தவிர. நேற்று எங்கள் பட்டறை முதலாளி, நான் செய்த சர்ஃபிங் பலகையில் என்னையே ஏறி நிற்கச் சொன்னார், போட்டோ எடுக்க. முழங்கால் தண்ணீரில் நான் ஒரு பக்கம் விழ, கைலி ஒரு பக்கம் போனது. மங்களூர்க் கடற்கரையே சிரித்தது. நீயும் நம் மகள் பூவிழியும் சுகமா?

அவள் பலகையில் எழுந்து நின்ற வீடியோவைப் பார்த்தேன். நம் மீமிசல் கடல் குளம் மாதிரி கிடக்கும், அதில் எங்கே அலை என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அதுவே போதும் போலிருக்கிறது. ஃபோம் பலகை உடைந்தால் கடலுக்குக் குப்பையாயிற்றே என்று மரத்தில் இழைத்து அனுப்பியவன் நான். ஆனால் வீடியோவில் அவளைப் பிடித்திருப்பது உன் தம்பி எழிலரசன். "மாமா, விட்றாதீங்க!" என்று அவனைப் பார்த்துக் கத்துகிறாள். காது குத்தியபோதும் அவன் மடியில்தான் உட்கார்ந்தாள். அது தாய்மாமன் முறை, சரி. கடலிலுமா?

இதோடு, கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்க ஒரு மெழுகு உருண்டை வைத்திருக்கிறேன். கடை மெழுகு வேண்டாம், அது பெட்ரோலியச் சரக்கு, கரைந்து மீன் வாய்க்குத்தான் போகும். இது தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து நானே காய்ச்சியது. நீயே தேய்த்துவிடு, உன் தம்பி கையில் கொடுக்காதே. அடுத்த வீடியோவை அவன் தலை தெரியாமல், கொஞ்சம் நீளமாக எடு.

பார்சல்காரர் காத்திருக்கிறார், முடிக்கிறேன். வீடியோ வந்த அன்று போனில், "அப்பா, நான் நின்னதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்தேன் தாயி, சூப்பர்" என்றேன். நான் வரும்வரை நிற்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்கவில்லை.

உன் ஆத்மநாதன்